கிழக்குத் திமோர்: வெளிநாட்டு உதவித் தொகை மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருப்பது ஏன்?

நிர்வாகவியல் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். சிறிய நாடுகள் தமக்கு வரும் வெளிநாட்டு வளர்ச்சி உதவியை எவ்வாறு பதிவு செய்து கண்காணிக்கின்றன என்பதை முதுகலை ஆய்வேட்டுக்காகப் படித்து வருகிறேன். எடுத்துக்கொண்ட நாடு தென்கிழக்காசியாவிலுள்ள கிழக்குத் திமோர். அதன் நிதி அமைச்சகம் 2012-இல் உதவி விவரங்களை எவரும் பார்க்கும்படி ஓர் இணையதளத்தைத் திறந்தது. வரவு செலவுத் திட்ட நூல்களிலும் வளர்ச்சிப் பங்காளர்களுக்கென்று (உதவி தரும் நாடுகள், அமைப்புகள்) ஒரு தொகுதி உண்டு. பாரிசிலுள்ள ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) அமைப்பும் தனியாகப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. ஒரே ஆண்டுக்கு இம்மூன்றிலும் உள்ள தொகைகள் ஒத்துப்போகவில்லை. இது மென்பொருளின் குறையா, எவரேனும் கணக்கை மறைக்கிறார்களா? ஆய்வேட்டில் எந்தத் தொகையை எடுத்தாள்வது?

பழைய தணிக்கையாளர்:

தம்பி, மறைப்பு என்ற முடிவுக்குப் போகும் முன், ஒவ்வொரு தொகையும் எந்தக் கட்டத்தைச் சொல்கிறது என்று பாருங்கள். 2022 சூலையில் அமெரிக்க அரசின் உதவி முகமைகளில் ஒன்றான மில்லேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன் அந்நாட்டுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அமெரிக்கப் பங்கு 42 கோடி டாலர். திமோர் அரசு தன் பங்காக 6.4 கோடி டாலர் தருவதாக ஏற்றது. தலைநகர் டிலியின் குடிநீர், கழிவுநீர், வடிகால் பணிகளும் ஆசிரியர் பயிற்சியும் அதில் அடக்கம். கையெழுத்தான ஆண்டின் ஒப்பளிப்புப் பத்தியில் (தருவதாக உறுதியளித்த தொகை) முழுத்தொகையும் ஏறிவிடலாம். ஆனால் பல ஆண்டு நீளும் பணிகளுக்கான பணம் அந்த ஆண்டே விடுவிக்கப்படுவதில்லை, அதாவது உண்மையில் கைமாறுவதில்லை. ஒப்பளிப்பைப் படிப்பவருக்குத் திமோர் திடீரெனச் செல்வம் கொழிப்பதுபோலத் தோன்றும். விடுவிப்பைப் படிப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். இரண்டும் பொய்யல்ல.

அடுத்தது நிதியாண்டு. திமோரின் நிதியாண்டு சனவரியில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவினது சூலையிலும், சப்பானினது ஏப்ரலிலும், அமெரிக்காவினது அக்டோபரிலும் தொடங்குகின்றன. மிகப்பெரிய கொடையாளரான ஆஸ்திரேலியாவின் ஓராண்டுத் தொகை திமோரின் இரண்டு ஆண்டுகளில் பாதி பாதியாக விழவேண்டும். அதைப் பிரித்துப் போடும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இல்லாவிட்டால், சோர்ந்திருக்கும் ஓர் அலுவலர் ஏதோ ஓர் ஆண்டில் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

தரவுத்தொண்டர்:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். இத்தகைய பதிவேடுகளில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மென்பொருளைக் குறை சொல்வது வீண். அந்தத் தளத்துக்கு அடிப்படையான மென்பொருளை டெவலப்மென்ட் கேட்வே என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் உருவாக்கியது. வேறு பல நாடுகளிலும் அதுவே இயங்குகிறது. சிக்கல் உள்ளீட்டில்தான் இருக்கிறது, ஏனெனில் விவரங்களை ஏற்றுவது கொடையாளர் அலுவலகங்களே.

ஒரு கற்பனைப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாடு கிராமக் குடிநீருக்கென 10 லட்சம் டாலரை ஐ.நா. முகமை ஒன்றிடம் தருகிறது. முகமை அதில் 8 லட்சத்தைத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு மாற்றுகிறது. மூவரும் தத்தம் பதிவை நேர்மையாகவே ஏற்றினால், நிதியளித்தவர் யார், நடத்துபவர் யார் என்ற இரு புலங்களும் சரியாக நிரப்பப்படாதபோது, தொகை 18 லட்சமாகவோ 28 லட்சமாகவோ வீங்கிவிடும். துறைக் குறியீடும் அப்படியே: பள்ளி வளாகத்தில் போடும் ஆழ்துளைக் கிணறு கல்வியா, குடிநீரா? இடம் இன்னும் மோசம். பணி மலைக்கிராமத்தில் நடக்கும், திட்ட அலுவலகம் தலைநகரில் இருக்கும், உள்ளிடுபவர் தலைநகரையே குறித்துவிடுவார். பிறகு வரைபடத்தைப் பார்த்தால் எல்லா உதவியும் டிலியில் கொட்டிக் கிடப்பதுபோல இருக்கும். ஆய்வேட்டில் மாவட்டவாரி ஒப்பீடு செய்யும் எண்ணம் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

என் கருத்தில், அமைச்சகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தூதரகத்துக்கும் தொலைபேசியில் பேசி, விடுபட்ட காலாண்டைக் கேட்டு வாங்கும் இரண்டு பேர், எந்தப் புதிய பதிப்பு மென்பொருளையும்விட மதிப்புள்ளவர்கள். அவர்களுக்கான சம்பளத்துக்குத்தான் எந்தக் கொடையாளரும் முன்வருவதில்லை.

கீழ்த்திசை:

இருவரும் கணக்கின் நுட்பத்தைச் சொன்னீர்கள். அந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்க்கிறேன். கிழக்குத் திமோர் 2002 மே 20 அன்று விடுதலை பெற்றது. 1999 முதல் பத்தாண்டுகளில் பன்னாட்டு அமைப்புகள் அந்நாட்டின் பெயரில் சுமார் 520 கோடி டாலர் செலவிட்டதாகவும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உள்நாட்டுப் பொருளாதாரத்துக்குள் வந்ததாகவும் டிலியிலுள்ள லாவோ ஹமுட்டுக் என்ற ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. எஞ்சியது அமைதிப்படைச் செலவு, வெளிநாட்டு ஆலோசகர் ஊதியம், வெளிநாட்டுக் கொள்முதல் என்று வெளியிலேயே போயிற்று. அதே காலத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்தோர் பங்கு 2001-இல் 36 விழுக்காடாக இருந்தது 2007-இல் 50 விழுக்காட்டை எட்டியது. பணம் எங்கே போயிற்று என்று கொடையாளர்களை நேருக்கு நேர் கேட்டவர்களில் அப்போதைய நிதி அமைச்சர் எமிலியா பிரெசும் ஒருவர். மோதலால் சிதைந்த நாடுகளின் ஜி7+ கூட்டமைப்பு 2010-இல் டிலியில் உருவெடுத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

எண்ணெய், எரிவாயு வருவாயைச் சேமிக்கும் பெட்ரோலிய நிதியம் 2005-இல் அமைந்தபின் அரசுச் செலவின் பெரும்பகுதிக்கு உதவிப்பணம் தேவைப்படவில்லை. ஆகவே கொடையாளர்களிடம் விவரம் கேட்கும்போது திமோரின் குரல் பல ஏழை நாடுகளின் குரலைவிட உறுதியாக ஒலித்தது. இந்தச் சாதகத்தைச் சொல்லாமல் அந்தத் தளத்தைப் பிற நாடுகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது நியாயமாகாது.

நிர்வாகவியல் மாணவன்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சிறு ஐயம்: விடுவிப்புத் தொகையை மட்டும் எடுத்து, வரவு செலவுத் திட்ட நூலோடு ஒப்பிட்டால் போதுமா?

பழைய தணிக்கையாளர்:

போதாது தம்பி. அந்த நூலில் உள்ளது பெரும்பாலும் வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. கொடையாளர் நேரடியாகச் செலவிடும் பணம் அரசுக் கருவூலத்தின் வழியே போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் போன்றவை வரவு செலவு ஆதரவாக நேரே கருவூலத்துக்குத் தந்ததை மட்டும் தனியே பிரித்து, அதை அரசுக் கணக்கோடு சரிபாருங்கள். மற்றதை ஓஈசிடியின் விடுவிப்புப் பத்தியோடு, கொடையாளர்வாரியாக, மூன்றாண்டுச் சராசரியாக ஒப்பிடுங்கள். நிதியாண்டுக் குழப்பம் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். வரும் ஆண்டுகளுக்கான மதிப்பீட்டைத் தொடாதீர்கள். 2025 சூலை 1 முதல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்ட் உதவித் திட்டங்களை நடத்துவதை நிறுத்திவிட்டதால், அதற்கு முன் ஏற்றிய அமெரிக்க மதிப்பீடுகளைத் திட்டம் திட்டமாக மீண்டும் சரிபார்த்தாக வேண்டும்.