தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்றால் கட்டுபடியாகுமா?

கோலாலம்பூருக்கு வந்த முதல் வருடமே பலருக்கும் இந்த ஆசை வரும். ஆபீஸுக்குக் கொண்டுபோன தேன்குழலை எல்லோரும் ஆகா என்பார்கள், தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் ஒரு போத்தல் முறுக்கின் விலையைப் பார்ப்போம், மனக்கணக்கு ஓட ஆரம்பிக்கும். எனக்கும் ஓடியது.

கணக்குக்கு முன்னால் பாஸை, அதாவது இங்கே தங்க உங்களுக்குக் கொடுத்த அனுமதியைப் பாருங்கள். வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் டிபென்டன்ட் பாஸில் இருந்துகொண்டு அனுமதியில்லாமல் வேலையோ வியாபாரமோ செய்யக் கூடாது. எம்ப்ளாய்மென்ட் பாஸும் அந்த ஒரு கம்பெனி வேலைக்குத்தான். எஸ்எஸ்எம்மில் (வியாபாரங்களைப் பதியும் அரசு அமைப்பு) தனியாள் வியாபாரமாகப் பதியக் குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரக் குடியிருப்பு) வேண்டும். "என் பெயரில் பதிந்து தருகிறேன்" என்று யாராவது அன்பாகச் சொன்னால், ஒரு தே தாரிக் (இங்கத்து ஆற்றிய டீ) வாங்கிக் கொடுத்துவிட்டு நழுவிவிடுங்கள். நானே பிஆர் கிடைத்த பிறகுதான் இறங்கினேன். டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் கட்டாயம்.

சரி, கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு போத்தல் 20 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்). மாவு, வெண்ணெய், எண்ணெய், கேஸ், போத்தல், ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்து 8 வெள்ளி. மீதி 12 கையில் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உடைந்தது, கருகியது, ருசி பார்க்கக் கொடுத்தது, மாமியார் வீட்டுக்குப் போனது என்று நூறில் பத்து காணாமல் போகும். 100 போத்தலுக்குச் செலவு 800, விற்ற 90க்கு வரவு 1800. ஆக, சுடும் ஒவ்வொரு போத்தலுக்கும் 10 வெள்ளிதான். ஸ்டால் வாடகை 900, குவாலி (வாணலி), அச்சு, ஊசி, பயிற்சி 300 என்றால், 120 போத்தல் சுட்ட பிறகுதான் முதல் வெள்ளி உங்களுடையது.

நான் கோட்டைவிட்டது நேரத்தில். ஒற்றைக் குவாலியை வைத்துக்கொண்டு பிசைந்து, பிழிந்து, ஆறவைத்து, அடைக்க மணிக்கு 4 போத்தலுக்கு மேல் முடியவில்லை. 300 போத்தலுக்கு 75 மணி நேரம், ஸ்டாலில் நின்றது இன்னொரு 60. 300 போத்தலின் 3000இல் வாடகையும் சாமானும் 1200 போக லாபம் 1800; அதை 135ஆல் வகுத்தால் மணிக்கு 13 வெள்ளி சொச்சம். இங்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1700, மணிக்கு 8.72. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அந்தக் கால் வலி!

அதுவும் எல்லாம் விற்றால்தான். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடியும் மழையுமாக இருக்கும். கூட்டம் கலைந்துவிடும், திறந்த முறுக்கு நமுத்துப்போகும். தீபாவளிக்கு மறுநாள் பாதி விலைக்கும் ஆள் வராது. எங்கள் வீட்டில் தைப்பூசம் வரை முறுக்குதான்.

அடுத்த வருடம் ஸ்டாலை விட்டேன். வாட்ஸ்அப்பில் ஆர்டர், பாதிப் பணம் முன்கூட்டி, 200 போத்தலோடு நிறுத்திக்கொள்வது. மேலே சொன்ன கணக்கிலேயே பாருங்கள்: 2000இல் குவாலி, அச்சு வகையறா 300, பெட்ரோல், டோல் 100 போக 1600. சுட 50 மணி, கொண்டுபோய்க் கொடுக்க 20. மணிக்கு 22 வெள்ளியைத் தாண்டுகிறது. போத்தல் குறைந்தது, கூலி ஏறியது.

இந்தச் சனிக்கிழமை வீட்டுக்கென்று ஒரு கிலோ மாவைப் பிசைந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுடுங்கள். குவாலி கழுவிக் கவிழ்க்கும் வரை நேரத்தை எழுதுங்கள். அது கையில் இல்லாமல் எந்த ஸ்டாலுக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.