சித்தி கண் சிமிட்டுவது

ஆச்சி வீடு (குடும்பக் குழு)

செவ்வாய், காலை 6:42

நான்: யாராவது முழித்திருக்கிறீர்களா? பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகி நைட்டி எல்லாம் நனைந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது, இடது கண் மூடவே இல்லை. நேற்று ராத்திரி இடது காதுக்குப் பின்னால் வலித்தது, தலையணை சரியில்லை என்று நினைத்துப் படுத்துவிட்டேன். இவர் கோயம்புத்தூரில், அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு தனியாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது.

மதினி: பாப்பா, நான் இருக்கிறேன். உட்கார். இரண்டு கையையும் நீட்டித் தூக்கி பத்து எண்ணு. ஒரு கை மட்டும் இறங்குகிறதா? கால் மரத்திருக்கிறதா? பேச்சு குழறுகிறதா? கடுமையான தலைவலி, கண் மங்கல் இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் யாருக்கும் காத்திருக்காதே, 108க்குப் போடு.

நான்: கை நிற்கிறது. நடக்க முடிகிறது. தலைவலி இல்லை. ப, ம சொன்னால் மட்டும் காற்றாகப் போகிறது.

மதினி: புருவத்தைத் தூக்கிப் பார். நெற்றியில் கோடு எந்தப் பக்கம் விழுகிறது?

நான்: வலது பக்கம் மட்டும். இடது நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது.

மதினி: அப்படியென்றால் பெரும்பாலும் முக நரம்புதான். மூளையில் அடைப்பு என்றால் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். ஆனால் இதைப் போனிலேயே முடிவு செய்யக் கூடாது, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். செக்கப் ஃபைலை எடுத்து வை.

பெரியம்மா: ஐயோ என் பிள்ளைக்கு வாதம் அடித்துவிட்டதா 😭 பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே என்று சொன்னேன், காற்று பட்டிருக்கும். நம்ம ஊர் வைத்தியர் எண்ணெய் போட்டு நீவி விடுவார், புறாக்கறி கொடுத்தால் ஒரு வாரத்தில் எழும்பிவிடும்.

அண்ணன்: கார் எடுத்துவிட்டேன். இருபது நிமிடம். பெரியம்மா, அதை அப்புறம் பேசுவோம்.

செவ்வாய், பகல் 2:10

நான்: எல்லாரும் கேட்கிறீர்கள், ஒரே மெசேஜாகப் போடுகிறேன், அடிக்க அடிக்க இடது கண் எரிகிறது. முதலில் பக்கத்தில் உள்ள கிளினிக்கில் காட்டினோம். கர்ப்பத்தில் இப்படி வரும், குழந்தை பிறந்தால் தானாகப் போய்விடும் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிபி கூடப் பார்க்கவில்லை. மதினிதான் விடவில்லை, நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி அண்ணனுக்கு நாலு தடவை போன். அவர் காதுக்குள்ளே டார்ச் அடித்து கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார், அது இருந்தால் வேறு வகையாம். இல்லை. இது பெல்ஸ் பால்சி, அதாவது முக நரம்பு வீங்கி ஒரு பக்க முகம் அசையாமல் போவது. 34 வாரம் என்பதால் பிபி, சிறுநீரில் புரதம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையின் துடிப்பும் நன்றாக இருக்கிறது. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இன்றே ஆரம்பம். என் மகப்பேறு டாக்டரிடம் போனில் பேசிவிட்டுத்தான் எழுதினார்.

பெரியம்மா: கர்ப்பத்தில் ஸ்டீராய்டா? பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா?

மதினி: நியாயமான கேள்வி பெரியம்மா. இந்த மாத்திரையில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே உடைத்துவிடும், குழந்தைக்குக் குறைவாகத்தான் போகும். ஆனால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும், அதனால்தான் இன்றைக்கே என்று நின்றேன். சர்க்கரை ஏறலாம், அதை அடிக்கடி பார்க்க வேண்டும். தானாக வாங்கிப் போடுகிற மாத்திரையும் இல்லை, பாதியில் நிறுத்துகிற மாத்திரையும் இல்லை. கடைசி மூன்று மாதத்தில் முகம் இப்படிக் கோணினால் பிபியும் கூடவே ஏறுவது உண்டு, அதனால் இனி வாரா வாரம் பிபி.

அம்மா: காரணம் என்னவாம்? நான் ஏதும் கவனிக்காமல் விட்டேனா?

அண்ணன்: யார் தப்பும் இல்லை அம்மா. டாக்டர் படம் போட்டே காட்டினார். அந்த நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள்ளே ஒரு குறுகலான குழாய் வழியாக வருகிறது. பாப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது இல்லையா, அதே மாதிரி நரம்பு வீங்கினால் எலும்பு விரிந்து கொடுக்காது, நசுங்கிவிடும். உடம்பில் தூங்கிக் கிடக்கிற ஒரு வைரஸ் முழிப்பதும் காரணமாக இருக்கலாமாம். சார்லஸ் பெல் என்ற டாக்டர் கர்ப்பிணிக்கு இது வருவதை 1830லேயே எழுதி வைத்திருக்கிறார்.

செவ்வாய், இரவு 9:35

நான்: சாப்பாடு இடது கன்னத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, விரலை விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. புளிக்குழம்பு அந்தப் பக்க நாக்கில் இரும்பு மாதிரி இருக்கிறது. குக்கர் விசில் இடது காதில் அடித்தது போல விழுகிறது. அத்தை பார்த்துவிட்டு இப்போது பாத்திரத்தில் சோறு வடிக்கிறார்கள்.

மதினி: அதெல்லாம் அதே நரம்பின் வேலைதான், அடங்கிவிடும். எனக்குக் கண்தான் கவலை. சொட்டு மருந்து மணிக்கு ஒரு தடவை, ராத்திரி களிம்பு, அப்புறம் விரலால் இமையை மெல்ல இழுத்து மூடிக் குறுக்கே காகித பிளாஸ்திரி. நுனியை மடித்து ஒட்டினால் காலையில் பிரிக்க வசதி. கண் முழுதாக மூடியிருக்கிறதா என்று அத்தையைப் பார்க்கச் சொல். வெளியே போனால் கூலிங் கிளாஸ்.

புதன், இரவு 11:50

சித்தி: எல்லாரும் தூங்கியிருப்பீர்கள். காலையில் படியுங்கள். இரண்டு நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். பாப்பா, எனக்கும் இது வந்தது. 1999, உன் தம்பி வயிற்றில் ஒன்பது மாதம். ஆகஸ்ட் 11 சூரிய கிரகணம். அன்று சாயங்காலம் கொடியில் கிடந்த துணியை எடுக்க முற்றத்துக்குப் போனேன். எட்டாம் நாள் வாய் கோணியது. கிரகணம் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள், நானும் நம்பினேன். மந்திரித்தார்கள், எண்ணெய் போட்டு நீவினார்கள், கண்ணைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. மூன்று வாரம் ஒரு கண் திறந்தபடியே தூங்கினேன். கருவிழியில் புண் வந்து ஆறியபோது பூ விழுந்துவிட்டது. இடது கண்ணில் எனக்கு இன்றைக்கும் பனி மூட்டம்தான். தம்பி பிறந்து ஒரு வயது வரை அவனை நான் தூக்கி வைத்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ கிடையாது. யாரும் எடுக்காமல் விடவில்லை, நானே கதவைச் சாத்திக்கொண்டேன். நீ ராத்திரி பிளாஸ்திரி ஒட்டாமல் படுக்காதே. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

வியாழன், காலை 5:58

நான்: சித்தி... சிரிக்கும்போது நீங்கள் ஒரு கண்ணைச் சிமிட்டுவீர்களே, சின்ன வயதில் எனக்கு மட்டும் ரகசியமாகக் காட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அது இதுதானா?

சித்தி: அதுதான் கண்ணு. நரம்பு திரும்ப முளைக்கும்போது பாதை மாறிவிட்டதாம். வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்கும் போகிறது.

பெரியம்மா: அந்த வைத்தியரிடம் உன்னைக் கூட்டிப் போனது நான்தான். கண்ணைப் பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு.

சித்தி: அக்கா, அன்றைக்கு யாருக்குத் தெரியும். அழாதே.

பெரியம்மா: பாப்பா, நான் சொன்ன புறாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். டாக்டர் சொன்னதையே செய்.

ஞாயிறு, மாலை 4:20

அம்மா: வளைகாப்பு நாள் நெருங்குகிறது. தள்ளி வைக்கலாமா? நாலு பேர் வருவார்கள், ஆளுக்கு ஒன்று கேட்பார்கள்.

நான்: தள்ள வேண்டாம் அம்மா. எனக்கும் முதலில் அந்த எண்ணம்தான் வந்தது, சித்தி எழுதியதைப் படித்த பிறகு இல்லை. கேட்டால் சொல்வேன், முக நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரை போடுகிறேன், பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் சரியாகும், கர்ப்பிணிக்குக் கொஞ்சம் தாமதமாகலாம் என்று. போட்டோகிராபரிடம் வலது பக்கம் மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். முதல் வளையல் சித்தி போட வேண்டும்.

சித்தி: நானா? அம்மா இருக்கும்போதா?

அம்மா: நீயே போடு. இடது கைக்கு நான் போடுகிறேன்.

அண்ணன்: சித்தி பேசவில்லை, அழுகிறார்கள் போல ❤️

செவ்வாய், காலை 7:05 (நான்காவது வாரம்)

நான்: மதினி, இன்று கொப்பளித்தேன், ஒரு சொட்டு கூட ஒழுகவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன். மூக்கு ஓரம் கொஞ்சம் சுருங்குகிறது. "அப்பா" என்று சொன்னால் ப சரியாக வருகிறது. புருவம் இன்னும் அசையவில்லை, கண் மூடினால் அரிசி அகலத்துக்கு வெள்ளை தெரிகிறது.

மதினி: நல்ல செய்தி 🙏 கண்ணாடி முன்னால் மெதுவாகச் செய்கிற பயிற்சி மட்டும் போதும், இழுத்துப் பிடித்துச் செய்யாதே, கரண்ட் மெஷின் வைக்கலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல். பிபி?

நான்: 118/76.

பெரியம்மா: முருகா 🙏🙏 ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு, பெரியம்மா என்று சொல், கேட்க வேண்டும்.

சித்தி: ராத்திரி பிளாஸ்திரி ஒட்டினாயா?

நான்: ஒட்டினேன் சித்தி. அரிசி அகலம் போகிற வரை ஒட்டுவேன்.