வயசான, முடியாத நாய்களை ஃபாஸ்டர் எடுத்தவர்கள் (வேறு வீடு கிடைக்கும்வரை வைத்து வளர்ப்பவர்கள்) சொல்லுங்கள்: மறக்க முடியாத ஒரு சம்பவம்

கொழிஞ்சாம்பாறை:
கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், தென்னந்தோப்பு வேலியோரம் கிடந்த லேப்ரடார் நாய். பெட்டை. முலையெல்லாம் தொங்கி, குட்டி போடவைத்தே தேய்த்துவிட்டு இறக்கிவிட்ட கேஸ்; உங்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கண்ணிலும் புரை, இடுப்பும் போய்விட்டது. யாராவது எடுக்கும்வரை என்றுதான் கொண்டுவந்தேன். பத்து வயது நாயை யார் எடுப்பார்கள், அது வேறு கதை.

சொல்ல வந்தது இது. ஒரு சாயங்காலம் எக்ஸெல் வண்டியில் ஒருத்தர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், காவி வேட்டி. "இங்க ஒரு வெள்ளப் பட்டி இருக்குன்னாங்க" என்றார். பட்டி என்றால் இந்தப் பக்கம் நாய். தத்தெடுக்க வந்தவர் என்று நினைத்து வயது, மருந்து எல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. கம்பி வழியாகப் பார்த்து "ராணி" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

நாங்கள் வைத்த பெயர் வேறு. அதற்கு அவள் ஒருநாளும் காதை அசைத்ததில்லை, செவிடு என்றே நினைத்திருந்தோம். "ராணி" என்றதும் தலையைத் தூக்கினாள். முன்னங்காலை ஊன்றி, பின்பாதியைத் தரையில் இழுத்துக்கொண்டு, கேட்டுக்கு இரண்டடி தள்ளிச் சுவரில் போய் மோதி நின்று வாலை ஆட்டினாள். சுவரைப் பார்த்து.

அவர் உள்ளே வரவில்லை. பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கேட் மேல் வைத்தார். "பாத்துக்குங்க சார்" என்று கிளம்பிவிட்டார். விட்டுப்போனவரா, இல்லை வளர்த்த இடத்தில் கூலிக்கு இருந்தவரா? அதுதான் மண்டையைக் குடைகிறது.

பொள்ளாச்சி:
குடைய என்ன இருக்கிறது? விட்டவரேதான். வண்டி நம்பரோடு போலீசுக்குப் போயிருக்கலாம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11: பசி தாகத்தில் வாடும்படி விட்டுப்போவதும் குற்றம். என்னிடம் இருக்கிற மூன்றுகால் கிழவனையும் இப்படித்தான் மூட்டையில் கட்டி வாய்க்கால் மேட்டில் போட்டிருந்தார்கள். "பாத்துக்குங்க சார்" என்று சொல்லவும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

முதலமடை:
பொள்ளாச்சி அண்ணா, அதே சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு என்றும் பாருங்கள். 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அதற்கு எந்த ஸ்டேஷனில் கேஸ் எழுதுவார்கள்?

விடுகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகமும் இல்லை. எங்கள் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு வரும் குடும்பங்கள் சீசன் முடிந்தால் ஊருக்குப் போகும். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். அப்படி ஒரு பாட்டி தன் கிழட்டு நாயை எங்கள் வாசலில் கட்டி, தூக்குவாளியில் சோறும் வைத்துவிட்டுப் போனது. வந்த நாளிலிருந்தே அதற்குப் புத்தி தடுமாற்றம். ராத்திரி பூராவும் நடை, கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் குரைக்கும்.

அடுத்த சீசனுக்குப் பாட்டி தோப்புக்குக்கூடப் போகவில்லை, நேரே இங்கேதான் வந்தது. கூப்பிட்டது, மடியில் இழுத்தது. நாய்க்கு அடையாளமே தெரியவில்லை, விலகி விலகிப் போனது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, அதன் காதிலிருந்து உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தது. இருட்டும்வரை அதே வேலை. அந்தப் பாட்டி மேல் எந்தப் பிரிவில் கேஸ் போடச் சொல்கிறீர்கள்?

வேலந்தாவளம்:
சண்டை வேண்டாமே. எங்களிடம் இருப்பது டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயில் தப்பிய நாட்டுநாய். ஒரு முன்னங்காலும் தாடையும் துடித்துக்கொண்டே இருக்கும், தூக்கத்தில்கூட. 2022இல் கேரளாவில் நாய்க்கடிச் சாவுகள் தொடர்ந்து செய்தியில் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் ஒரே பயம், அதைத் தப்பென்று சொல்ல முடியாது. "பேப்பட்டிய (வெறிநாயை) வீட்ல வச்சிருக்கீங்க" என்று நாலு பேர் கம்போடு வந்துவிட்டார்கள். என் மாமியார் வாதாடவே இல்லை. ஒரு சட்டி மோரைக் கொண்டுவந்து வைத்தார். வெறி பிடித்தால் தண்ணி இறங்காது என்பது ஊருக்கே தெரிந்ததுதானே. தாடை துடிக்கத் துடிக்க அது குடித்ததில் பாதி மோர் தரையில், கொஞ்சம் மூக்கில் ஏறி ஒரே தும்மல். கம்பு வைத்திருந்தவரே சிரித்துவிட்டார்.

பாலக்காடு:
வேலந்தாவளம் அக்கா, மாமியாருக்கு என் வணக்கம், ஆனால் மோர்ச் சோதனையை யாரும் நம்பிவிடாதீர்கள். வெறிநாய்க்கும் ஆரம்பத்தில் தண்ணீர் இறங்கும். காலக்கணக்குதான் சரியான கணக்கு: வெறியின் அறிகுறி தெரிந்த நாய் பெரும்பாலும் பத்து நாளுக்குள் செத்துவிடும். மாதக்கணக்கில் துடித்துக்கொண்டே சோறு தின்கிறது என்றால் அது டிஸ்டெம்பர் விட்டுப்போன துடிப்பு. ஃபாஸ்டர் எடுக்கிறவர்கள் கடி வாங்கும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடித்தால் அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று, அவ்வளவுதான், இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப்பொருள் ஊசி) தேவைப்படாது. கடிபட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுவதை மட்டும் எப்போதும் விடக்கூடாது.

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கும் ஒன்று. வந்தவர் யாரென்பதை விடுங்கள். குரல் கேட்டு வால் ஆடியது என்றால் தண்டுவடம் முழுசாக அறுந்துபோகவில்லை. இடுப்பு மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள். சிமெண்டுத் தரையில் இழுக்க விடாதீர்கள், முட்டியில் புண் வந்தால் ஆறாது. ரப்பர் பாய் போடுங்கள். துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கி நடத்துங்கள். மூத்திரம் முழுசாகப் போகிறதா பாருங்கள், தேங்கினால் தொற்று வரும். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஒன்று ஈரலைக் கெடுக்கும், மற்றது குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் வாங்கிவிடும். என் அனுபவம் என்று தனியாக ஒன்றுமில்லை, இடுப்பு போன ஒரு டாபர்மேனைப் பார்த்துக்கொண்டேன், போய்ச் சேர்ந்துவிட்டது.

கொல்லங்கோடு:
ராணி செவிடாகவே இருக்கலாம். வயதான நாய்க்குக் கூர்மையான சத்தம்தான் முதலில் போகும், கட்டைக்குரல் கொஞ்ச நாள் தங்கும். அவளுக்குக் கேட்டது அந்த ஆளின் குரல், பெயர் இல்லை. எங்கள் கிழவி முழுச்செவிடு. நெம்மாறை வேலா கோயில் திருவிழாவுக்கு வெடிக்கெட்டு (வாணவேடிக்கை) நடக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, மற்ற இரண்டும் கட்டிலுக்கடியில் நடுங்குகின்றன, இவள் நடுக்கூடத்தில் மல்லாந்து குறட்டை. எழுப்பத் தொடக்கூடாது, திடுக்கிட்டுக் கடிப்பாள். மூக்கருகில் கையை நீட்டினால் மோந்து பார்த்து எழுந்துகொள்வாள்.

கொழிஞ்சாம்பாறை:
என் குரலும் கட்டைதான் சார். தினமும் கத்துகிறேன், திரும்பினதில்லை. அந்த வாதம் நிற்காது. பாலக்காடு அண்ணா, எக்ஸ்ரேக்கு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். முப்பது கிலோ, பின்சீட்டில் படுத்தால்தான் வருவாள். வரும் வாரம் திருச்சூர் பக்கம் யாராவது காரில் காலியாகப் போகிறீர்களா? டீசல் என் செலவு.