ரூத் கதை "நல்ல மருமகள்" என்பதோடு நின்றுவிடுகிறது: விசுவாசத்துக்காக வாசிப்பது எப்படி?

ஏற்காட்டு வாசகி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் கூடும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு, வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள ரூத் புத்தகத்தை நான்கு செவ்வாய்க்கிழமை எடுத்து வாசிக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு முக்கால் மணி நேரம்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள். சிலருக்குப் பிள்ளை இல்லை.

இந்தக் கதையை எங்கே கேட்டாலும் "ரூத்தைப் போல மாமியாரைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் அதற்குமேல் ஒன்றும் கிடைப்பதில்லை. கர்த்தர் இந்தப் புத்தகத்தில் யாரிடமும் பேசுவதில்லை. தரிசனம் இல்லை, அற்புதம் இல்லை. அப்படிப்பட்ட கதையில் ஒருத்தி தன் வாழ்க்கைக்கான அர்த்தத்தையும் விசுவாசத்தையும் எப்படிக் கண்டெடுப்பது? வலிந்து பொருத்தாமல் செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி:

சிஸ்டர், நான்கு அதிகாரத்தை நான்கு வாரத்துக்குப் பங்கு போட்டுவிடாதீர்கள். எல்லோரும் செய்வது அதுதான். முதல் வாரம் சாவும் அழுகையுமாகக் கூட்டம் கலைந்து போகும். கடைசி வாரம் வராதவர்களுக்குக் கதை முடியாமலே போகும். மொத்தமே 85 வசனம். நிறுத்தி நிதானமாகச் சத்தமாக வாசித்தாலும் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் கூட்டத்தில் முழுக்கதையையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். மாமியார் நகோமிக்கு ஒரு குரல், மருமகள் ரூத்துக்கு ஒரு குரல், வயல்காரர் போவாசுக்கு ஒரு குரல், மீதியை ஒருவர். அன்றைக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். "எந்த இடத்தில் மனசு நின்றது?" என்று மட்டும் கேட்டு விடுங்கள்.

பிறகு வரும் மூன்று வாரத்துக்கும் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போகலாம்: வெறுமை.

1:21-ல், மோவாப் தேசத்தில் கணவரையும் இரண்டு மகன்களையும் இழந்து பெத்லெகேமுக்குத் திரும்பிய நகோமி சொல்வது: "நான் நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்." 3:17-ல் போவாஸ் சொன்னதாக ரூத் சொல்வது, மாமியாரிடத்துக்கு "வெறுமையாய்ப் போகவேண்டாம்" என்று. இரண்டு இடத்திலும் எபிரெயத்தில் ஒரே சொல், ரேக்காம். நம் பழைய தமிழ் வேதாகமமும் அதை "வெறுமையாய்" என்றே வைத்திருக்கிறது, அதனால் தமிழ் மட்டும் தெரிந்தவர்களும் காதாலேயே பிடித்துவிடலாம். நகோமி கர்த்தரைப் பார்த்து வைத்த குற்றச்சாட்டுக்கு வானத்திலிருந்து பதில் வரவில்லை. களத்திலிருந்து ஒரு மனிதன் அளந்து போட்ட தானியத்தோடு, அதே சொல்லைச் சுமந்துகொண்டு பதில் வருகிறது. கர்த்தர் பேசவில்லை என்று நீங்கள் எழுதியதற்கு என் பதிலும் இதுதான். எழுதியவர் ஒரு இடத்தில்கூட இதை எடுத்துச் சொல்லவில்லை. நாமும் கூட்டத்தில் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. இரண்டு வசனத்தையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள்.

எங்கே கெடும் என்றால், 1:20-ஐ அவசரமாகத் தாண்டும்போது. "என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள்" என்று அவள் ஊர் நடுவில் நின்று சொல்கிறாள். மாராள் என்றால் கசப்பானவள். சர்வவல்லவர் எனக்குக் கசப்பைக் கொடுத்தார் என்கிறாள். இதை "விசுவாசக் குறைவு" என்று விளக்குகிற வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. வசனத்தில் அப்படி ஒரு கண்டிப்பு கிடையாது. எழுதியவர் கண்டிக்கவில்லை, பெத்லெகேம் பெண்களும் கண்டிக்கவில்லை. கணவரை இழந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இதைக் கண்டித்துப் பேசினால், அதோடு அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த வசனத்தை ஒரு ஜெபமாக வாசிக்க விடுங்கள்.

இன்னொன்று. வெறுமையாய் வந்தேன் என்று அவள் சொல்லும்போது ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள். அடுத்த வசனமே அதை எடுத்துக் காட்டுகிறது. நகோமி கண்ணில் அவள் படவில்லை. "எனக்குப் பக்கத்தில் நிற்கிறவள் யார்?" என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கேட்டுக்கொள்ள அந்த இடத்தில் ஐந்து நிமிடம் கொடுங்கள். சத்தமாகப் பதில் சொல்ல வைக்க வேண்டாம்.

கதிர்க்கட்டு:

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிராமத்துப் பெண்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

2:17-ல் ரூத் ஒரு நாள் பொறுக்கித் தட்டியது "ஏறக்குறைய ஒரு மரக்கால்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 3:15-ல் போவாஸ் அளந்து போட்டது "ஆறுபடி". பழைய வாய்ப்பாட்டில் 8 படி ஒரு மரக்கால் (ஊருக்கு ஊர் மாறும்). அப்படிக் கணக்குப் போட்டால், அவளே ஒரு நாளில் பொறுக்கியதைவிட அவர் கொடுத்தது குறைவு என்று வரும். கதை கவிழ்ந்துவிடும்.

மூலத்தில் முதல் அளவு ஒரு எப்பா, ஏறக்குறைய 22 லிட்டர். இன்று வீட்டில் போடுகிற 20 லிட்டர் தண்ணீர் கேனைக் காட்டினால் போதும், அதைவிடக் கொஞ்சம் அதிகம். வாற்கோதுமை என்பது பார்லிதான். 22 லிட்டர் பார்லி 13 கிலோவுக்குக் குறையாது. இரண்டாவது இடத்தில் எபிரெயத்தில் அளவின் பெயரே இல்லை, "ஆறு வாற்கோதுமை" என்றுதான் இருக்கிறது. ஆறு எப்பா என்றால் 130 லிட்டருக்கு மேல், ஒருத்தி தூக்கிப் போக முடியாது. எப்பாவில் மூன்றில் ஒரு பங்கான சேயா என்று எடுத்துக்கொண்டால் 44 லிட்டர், முதல் நாளைப் போல இரண்டு மடங்கு. தூக்கிவிட்டால் நடந்துவிடலாம். பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த ஒரு எப்பா எத்தனை நாளைக்கு வரும் என்பதற்கும் வேதத்திலேயே கணக்கு உண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குச் சாப்பாடாகக் கிடைத்த மன்னா ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஓமர். யாத்திராகமம் 16:36-ன்படி ஓமர் என்பது எப்பாவில் பத்தில் ஒன்று. அப்படியானால் ரூத் கொண்டுவந்தது இரண்டு பேருக்கு ஐந்து நாள் சாப்பாடு. "அன்றன்றுள்ள அப்பம்" கேட்டு ஜெபிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு சும்மா விவரம் இல்லை. உதவி என்ற சொல்லுக்கு இந்தக் கதையில் எடை இருக்கிறது, சுமந்தால் தோள் வலிக்கும்.

பொறுக்குதலும் பிச்சை இல்லை. லேவியராகமம் 19:9-10-ம் உபாகமம் 24:19-ம் வயலின் ஓரத்தையும் சிந்தினதையும் மறந்த அரிக்கட்டையும் ஏழைக்கும் பரதேசிக்கும் விதவைக்கும் விடச் சொல்கின்றன. உங்கள் தோட்டத்தில் அறுப்பு முடிந்தபின் உதிர்ந்த காப்பிக் காயை ஒன்றுவிடாமல் பொறுக்கச் சொல்வார்கள், காய்த்துளைப்பான் வண்டு அடுத்த பருவத்துக்குத் தங்கிவிடக் கூடாது என்று. அங்கே மிச்சம் வைப்பது குற்றம், இங்கே மிச்சம் வைப்பது சட்டம். அந்தப் பெண்களிடம் இதிலிருந்தே தொடங்கலாம். போவாஸ் சட்டத்தோடு நிற்கவில்லை, கட்டிலிருந்து வேண்டுமென்றே உருவிப் போடச் சொல்கிறார் (2:16).

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:

எனக்கு இந்தப் புத்தகத்தில் விசுவாசத்தின் முடிச்சு இருப்பது "செட்டை" என்ற சொல்லில். 2:12-ல் போவாஸ் ரூத்தை வாழ்த்துகிறார், இஸ்ரவேலின் தேவனுடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்தவள் என்று. 3:9-ல் அவள் அவரிடமே கேட்கிறாள், "உம்முடைய போர்வையை விரியும்" என்று. எபிரெயத்தில் செட்டையும் அந்தப் போர்வையும் ஒரே சொல், கானாப். பறவைக்கு அது சிறகு, துணிக்கு அது ஓரம். நம் பேச்சில் முந்தானை என்று சொல்லிக்கொள்ளலாம். "கர்த்தருடைய செட்டை உன்னைக் காக்கட்டும் என்றீரே, அந்தச் செட்டை நீர்தான்" என்று வாழ்த்தியவரிடமே திருப்பிக் கேட்கிறாள். யாருக்காகவாவது ஜெபிக்கிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் இரண்டு வேறு சொல்லாகிவிட்டதால் இது காதில் விழாது. நீங்கள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

3:15-ல் அதே போர்வையில்தான் தானியத்தையும் வாங்கிக்கொள்கிறாள். அதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கதிர்க்கட்டு:

ஐயா, கடைசி வரி மட்டும் சரியில்லை. 3:15-ல் எபிரெயச் சொல் வேறு, மித்பாகத். அது ரூத் போர்த்தியிருந்த மேல்துணி. 3:9-ல் கேட்கப்படுவது போவாசுடைய ஆடையின் ஓரம். தமிழில் இரண்டுக்கும் "போர்வை" என்று விழுந்ததால் ஒன்றுபோலத் தெரிகிறது. செட்டைக்கு ஒன்றாயிருந்தது தமிழில் பிரிந்தது, போர்வைக்குப் பிரிந்திருந்தது தமிழில் ஒன்றாகிவிட்டது. ஒரு சொல்லின்மேல் தியானத்தைக் கட்டுவதற்கு முன்னால் மூலச்சொல்லைப் பார்த்துவிட வேண்டும். எண் குறியிட்ட சொல்லகராதி ஒன்று இருந்தால் போதும், எபிரெயம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:

ஒப்புக்கொள்கிறேன். 3:15-ஐ விட்டுவிடுங்கள் சிஸ்டர். செட்டை மட்டும் போதும்.

இன்னும் ஒரு விஷயம், தமிழர்களுக்கு மட்டும் உரியது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கிக்கொண்டு வந்து, 1719-ல் இறக்கும்போது ரூத் புத்தகம் வரை முடித்திருந்தார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே. "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று இன்னொரு ஜனத்தோடு சேர்ந்தவளின் கதை, அப்படியே வேறு ஜனத்துக்குள் வந்து வாழ்ந்து மடிந்தவரின் கடைசி வேலையாக நமக்குக் கிடைத்தது. 1:16-ஐ வாசிக்கும் அன்று இதைச் சொல்லலாம்.

அந்த வசனத்தைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிறார்கள். கணவனிடம் மனைவி சொன்னதாகவே பலர் நினைத்திருக்கிறார்கள். ஒரு விதவை இன்னொரு விதவையிடம், சாப்பாட்டுக்கு வழி தெரியாத நடுவழியில் சொன்னது அது.

சேர்வராயன் அடிவாரம்:

போவாஸ்தான் கிறிஸ்து, ரூத்தான் சபை என்று நேராகப் போய்விட்டால் எளிதாக இருக்குமே? மத்தேயு 1:5-ல் இயேசுவின் வம்ச அட்டவணையில் ரூத்தின் பெயரே வருகிறதே.

அஸ்தம்பட்டி:

பிரதர், அந்த வாசிப்பு பழையது, அதில் ஆழமும் உண்டு. அதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதலிலேயே போட்டால் அளந்து போட்ட தானியம், சட்டம், நகோமியின் கசப்பு எல்லாம் வெறும் அடையாளமாகிக் கரைந்துவிடும். யூதர்கள் இதை வாரங்களின் பண்டிகையில் வாசிக்கிறார்கள், கோதுமை அறுப்பும் சீனாயில் நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்டதும் நினைக்கப்படும் நாளில். வயலையும் வேதத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வாசிக்கிற அந்த முறையை நாமும் முதலில் கற்றுக்கொள்வோம்.

பெயரைப் பற்றிக் கேட்டதால் ஒன்று. "மோவாபிய ஸ்திரீயாகிய ரூத்" என்று எழுதியவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வருவார்: 1:22, 2:2, 2:21, பிறகு ஊர்வாசலில் போவாஸ் வாயில் 4:5, 4:10. உபாகமம் 23:3 மோவாபியரைச் சபைக்கு வெளியே நிறுத்துகிறது, அதனால் அந்த அடைமொழி கனமானது. 4:13-ல் போவாஸ் அவளை மணக்கும்போது அது உதிர்ந்துவிடுகிறது, வெறும் ரூத். "அந்த லைன் வீட்டுக்காரி", "மலைக்காரி" என்று அழைக்கப்பட்டே வயசான பெண்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் இந்த ஐந்து இடத்தையும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். விளக்கம் தேவைப்படாது.

ஏற்காட்டு வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு பயம். 4:13-ல் கர்த்தர் கர்ப்பந்தரிக்க அனுக்கிரகம் பண்ணினார் என்று வருகிறது. பிள்ளை இல்லாதவர்கள் முன்னால் அதை எப்படி வாசிப்பது? தவிர்த்துவிடலாமா?

அஸ்தம்பட்டி:

தவிர்க்க வேண்டாம் சிஸ்டர், தவிர்த்தது அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் "காத்திருந்தால் உங்களுக்கும் கிடைக்கும்" என்ற வாக்கை இந்தக் கதை எங்கேயும் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுத்துவிடாதீர்கள். மோவாபில் ஏறக்குறைய பத்து வருஷம் இருந்தார்கள் (1:4). ரூத்துக்கும் நகோமியின் இன்னொரு மருமகள் ஓர்பாளுக்கும் பிள்ளை பிறந்ததாக ஒரு வார்த்தை இல்லை. அதற்காக அந்தப் பெண்கள்மேல் எழுதியவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அதை முதலில் சொல்லுங்கள்.

அடுத்து 4:15-ஐக் கவனியுங்கள். குழந்தை பிறந்த அன்றைக்கே, ஏழு குமாரரைக் காட்டிலும் இந்த மருமகள் உனக்கு அருமையானவள் என்று ஊர்ப் பெண்கள் நகோமியிடம் சொல்கிறார்கள். முதல் அதிகாரத்தில் நகோமி கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் நின்றவளை இப்போது ஊரே அடையாளம் காட்டுகிறது. கடைசிக் கூட்டத்தில் 4:13-லிருந்து 4:15 வரை வாசித்து அங்கேயே நிறுத்துங்கள். வம்ச அட்டவணையை அவர்கள் வீட்டில் வாசித்துக்கொள்ளட்டும். நிறுத்திய இடத்தில், இரண்டாம் வாரம் கேட்ட கேள்வியையே திரும்பக் கேளுங்கள், பக்கத்தில் நிற்கிறவள் யார் என்று. இந்த முறை விருப்பம் உள்ளவர்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஜெபிக்கலாம்.

கதிர்க்கட்டு:

முடிந்தால் ஒரு படியும் கொஞ்சம் பார்லியும் எடுத்துப் போங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் சாமை போதும். 3:17 வாசிக்கும்போது ஒருவர் முந்தானையை விரித்துப் பிடிக்க, இன்னொருவர் ஆறு தடவை அளந்து போடட்டும். "அடுத்தது", "அடுத்தது" என்று யாரும் எண்ணிச் சொல்ல வேண்டாம், தானியம் விழுகிற சத்தம் மட்டும் கேட்கட்டும். பருத்திச் சேலையாக இருந்தால் நல்லது, நைலக்ஸ் வழுக்கிக் கொட்டிவிடும்.

ஏற்காட்டு வாசகி:

எங்களிடம் பழைய இரும்புப் படி ஒன்று இருக்கிறது. சாமையே எடுத்துக்கொள்கிறோம், கடைசியில் அதை எல்லோரும் பிரித்து எடுத்துப் போகலாம்.