ஜூனியரில் கோல் மழை, சீனியரில் ஃபிளிக் எல்லாம் ரஷ்ஷர் கிட்ட – எங்கே தப்பு?

கேள்வி – லெஃப்ட்ஹாஃப்
21 வயசுக்குட்பட்டோர் ஹாக்கி அணியில் பெனால்டி கார்னர்னாலே (கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு, வட்டத்துக்கு வெளியே நிறுத்தி கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு) கோல்னு இருந்த 19 வயசுப் பொண்ணு. சீனியர் அணியில் டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கில் இழுத்துக்கிட்டே வந்து வீசுறது) பாதிக்கு மேல முதல் ரஷ்ஷர்கிட்டயே, அதாவது தடுக்க ஓடிவர்ற எதிரணி ஆள்கிட்டயே, சிக்குது. கைபலம் போதாது, ஜிம் நேரத்தைக் கூட்டுங்கன்னு சொல்றாங்க. சரியான வழியா?

வட்டத்துமுனை
ஜிம்முக்கு முன்னாடி வீடியோவைப் பாருங்க. புஷ் ஆன, அதாவது கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்ட, நொடியிலிருந்து பந்து ஸ்டிக்கை விட்டுக் கிளம்பற வரைக்கும் ஃபிரேம் ஃபிரேமா எண்ணுங்க. ஒன்றரை நொடியைத் தாண்டினா சீனியர் ரஷ்ஷர் ஸ்டிக் நீட்டுற தூரத்துக்கு வந்துடுவாங்க. ஜூனியர்ல ரஷ்ஷர் கொஞ்சம் தயங்குவாங்க, கோல் வந்தது அந்தத் தயக்கத்தால.

நேரம் பெரும்பாலும் ஃபிளிக்கர்கிட்ட போறதில்லை. புஷ் மெதுவா வரும், இல்லேன்னா ஸ்டாப்பர் (ஃபிளிக்கருக்காக பந்தை நிறுத்தித் தர்றவர்) நிறுத்தின பந்து ஒரு சாண் உருளும். அந்த ஒரு சாணுக்காக கடைசி எட்டைச் சுருக்கினா டிராக் நீளமே போச்சு. பந்தை ஸ்டிக்கில் ஏத்தும்போது அது வலது கால் பக்கம், உடம்புக்குப் பின்னால இருக்கணும். அப்புறம் இடது கால் அகலமா முன்னால ஊன்றணும். இடது காலுக்கு நேரா வந்தபிறகு பந்தை எடுத்தா மணிக்கட்டு மட்டும்தான் வேலை செய்யும். இடுப்பு, தோள், கை – வேகம் இந்த வரிசையில்தான் ஏறும்.

புஷ்ஷரையும் ஸ்டாப்பரையும் தனியா தினம் 30 பந்து பயிற்சி பண்ண வைங்க. ஃபிளிக்கர் அதுல வேண்டாம்.

விசில்
விதியும் கணக்கில் வரணும். முதல் ஷாட்டில் 5 மீட்டருக்குள்ள நிக்கிற தடுப்பாளருக்கு முழங்காலுக்குக் கீழே பந்து பட்டா மறுபடி பெனால்டி கார்னர். இயல்பா நிக்கும்போது முழங்கால்லயோ அதுக்கு மேலயோ பட்டா ஆபத்தான ஷாட், எதிரணிக்கு ஃப்ரீ ஹிட். தாமதமாச்சுன்னு தெரிஞ்சா தாழ்வா அடிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

லெஃப்ட்ஹாஃப்
நன்றி. வளைவு கீழ்ப்பக்கமா, பந்தைத் தொடுற முனைக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்டிக்குக்கு மாறினா உதவுமா?

வட்டத்துமுனை
உதவும். வளைவு அதிகபட்சம் 25 மி.மீ. தான் அனுமதி. ஆனா அதே ஸ்டிக்கில் ஹிட் (ஸ்டிக்கை வீசி அடிக்கிறது) அடிச்சா பந்து சட்டுனு எழும்பும். பெனால்டி கார்னர்ல முதல் ஷாட் ஹிட்டா இருந்தா 460 மி.மீ. உயரத்துக்கு மேல கோல் கோட்டைத் தாண்டக்கூடாது, தடுப்பாளர் மேல படாத வரைக்கும். ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. ஸ்டிக் மாத்தினா ஹிட்டையும் பாஸையும் புதுசா பழகிக்கணும்.

முதுகெலும்பு
ஜிம்மை விட எனக்குக் கவலை ஃபிளிக் எண்ணிக்கை. குனிஞ்சபடி முதுகைத் திருப்பித் திருப்பி அடிக்கிறதால கீழ்முதுகு எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (தொடர் அழுத்தத்தால வர்ற மெல்லிய விரிசல்) வரலாம், இளவயசில் ரொம்ப கவனம் வேணும். வாரம் மூணு அமர்வு, அமர்வுக்கு 30 – 40 ஃபிளிக் போதும். பின்னால வளையும்போது ஒரு பக்கம் மட்டும் வலிச்சா அன்னைக்கே நிறுத்திட்டு ஸ்கேனுக்குப் போங்க. மூணு மாசம் தொடர்ந்து மாதவிடாய் வரலேன்னா உழைப்புக்கேத்த சாப்பாடு உள்ளே போகலையோன்னு சந்தேகப்படணும். அது எலும்பைத்தான் அரிக்கும். வெட்கப்படாம டீம் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க.

விசில்
இன்னொன்னு. ஒலிம்பிக் அணியில் 16 பேர்தான். கார்னருக்கு மட்டும்னு ஒருத்தரைக் கூட்டிப்போக மாட்டாங்க. 2024 பாரிஸில் 9 கோலோட முதலிடம் பிடிச்ச நெதர்லாந்தின் யிபி யான்சன் மாதிரி ஃபிளிக் வேணும்தான். ஆனா மீதி நேரம் மார்க்கிங்கும் (எதிராளியை ஒட்டியே நிக்கிறது) டேக்லிங்கும் (பந்தைப் பறிக்கிறது) சரியா இல்லேன்னா பெயர் பட்டியல்ல இருக்காது.