புல்தரை மேல் போர்வெல் ரிக் வண்டி ஏற்ற வழி சொல்லுங்க

வணக்கம். அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கள் தோட்டத்தில் போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) போட வேண்டும். ரோட்டிலிருந்து துளை போடும் பாயிண்ட் வரை 60 அடி, முழுக்கப் புல்தரை. ரிக் லாரியும் பின்னாலேயே கம்ப்ரசர் லாரியும் வரும். போன ஐப்பசி மழையில் ஒரு மணல் டிப்பர் இங்கேதான் அச்சு வரை புதைந்தது. ஜேசிபி வைத்து இழுத்தோம். குழி இன்னும் அப்படியே இருக்கிறது.

வெறும் கிராவல் கொட்டினால் சேற்றோடு கலந்துவிடும், திரும்ப அள்ள முடியாது. அதனால் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணும் ஜல்லியும் கலக்காமல் பிரிக்கும் விரிப்பு) விரித்து, மேலே 40 மிமீ ஜல்லி போடலாம் என்று யோசனை. எத்தனை அங்குலம் போட்டால் தாங்கும்? இல்லை, கனமான இரும்புத் தகடுகள் சேலத்தில் வாடகைக்குக் கிடைக்குமா? தென்னை மட்டையே போதும் என்கிறார் மாமா. அவர் ஓட்டுவது டிவிஎஸ் எக்ஸெல்.

மழைக்கு முன் முடிக்கணும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.