நெல்லே குலைநோய்க்கு மருந்து செய்யுமாமே, தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, கன்னியாகுமரி மாவட்டம் பறக்கை பக்கம் ஒண்ணரை ஏக்கர் வயல். போன கும்பப்பூவுல (ரெண்டாம் போகம்) பொன்மணி நெல் போட்டேன். இலையில கண்ணு மாதிரி புள்ளி, நடுவுல சாம்பல், ஓரம் தவிட்டு நிறம். பூஞ்சையால வர்ற குலைநோய்தான். பொறவு கதிர்க் கழுத்து கறுத்து, பாதிக்கு மேல பதராப் போச்சு. டிரைசைக்ளசோல்ங்கிற பூஞ்சைக்கொல்லி ரெண்டு தடவை அடிச்சேன். பிந்தி அடிச்சா இப்படித்தான்னு மருந்துக்கடைக்காரர் சொன்னார், அதுவும் உண்மைதான்.

அக்கா மகள் பயோடெக் படிக்கா. நெல்லே பூஞ்சையை எதிர்க்க மோமிலாக்டோன்னு ஒரு சரக்கு செய்யுமாம். 1973-ல ஜப்பான்காரங்க உமியில இருந்து பிரிச்சது. 'மோமி'ன்னா அவங்க பாஷையில உமி. (நாம அதைச் சூளைக்கு அனுப்புறோம்!) அதுக்கான ஜீன்கள் 4-ஆம் குரோமோசோமில் கொத்தா இருக்காம். இதே மாதிரி ஓட்ஸ் வேர்ல 'அவெனாசின்'னு இன்னொரு சரக்கு, வேரைத் தாக்குற பூஞ்சையைத் தடுக்கும். கோதுமைக்கு அது கிடையாது.

இந்த மோமிலாக்டோனைக் கூட்டி உண்டாக்குன நெல் விதை விவசாயி கைக்கு வந்துட்டா, இல்ல ஆய்வகத்தோட நிக்குதா? திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துல யாரைப் பார்த்துக் கேக்கணும்? குலைநோய் தாங்குற ரகம் யாராவது வச்சிருந்தா, நாத்துப் பாவுறதுக்கு முன்னாடி நாலு கிலோ விதை தாங்க, விலை தந்துடுறேன்.